தண்டவாளத்தில் வந்த பதில்

என் பெயர் ஜெயவேலு, வயது 48, தகப்பனார் பெயர் கோவிந்தன். ஜீவனஹள்ளியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் கோலார் தங்கவயல். முன்பு சுரங்கத்தில் வேலை செய்தேன், இப்போது ஒரு ஒப்பந்ததாரரிடம் ரயில் பாதை வேலை செய்கிறேன்.

காக்ஸ் டவுனுக்கு அப்பால், மூடிக்கிடந்த கூரை ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் பழைய பாதையில் திரும்பவும் சரக்கு வண்டி விடப்போவதாகச் சொன்னதன்பேரில், 1997 மார்ச்சில் நானும் கூட வேலை செய்யும் குணசேகரும் புதர் வெட்டி, தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனோம். விரிசல் இருந்தால் கணீரென்று கேட்காது, சத்தம் செத்திருக்கும். குடிசைகளை ஒட்டிய இடத்தில் சாக்கடை மண் இறுகித் தண்டவாளத்தை மூடியிருந்தது. எஞ்சினியர் ஹரிஷ்குமார், "ரெண்டு பக்கமும் தெரியுதில்ல, நடுவுல எங்க போயிடும்? சக்கரமே மண்ணத் தள்ளிக்கும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அதன்பிறகு மண்ணுக்கு இப்பால் தண்டவாளத்தில் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினேன். பதில் வந்தது. மூன்று தட்டல், சற்று நின்று, இன்னொன்று. குணசேகருக்குக் கேட்கவில்லை. சுரங்கத்தில் பாறை சரிந்தால் வெளியே இருப்பவர்கள் காற்றுக் குழாயைத் தட்டுவோம், உயிரோடு இருப்பவன் உள்ளிருந்து தட்டுவான். என் தம்பி எத்திராஜ் அப்படித்தான் தட்டினான், மூன்றும் ஒன்றும். கற்களை அகற்றி முடிப்பதற்குள் அந்தத் தட்டல் நின்றுவிட்டது.

மண்ணுக்குள் ஆள் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சோதனை எஞ்சின் வந்தபோது சிவப்புக் கொடியோடு குறுக்கே நின்றேன். எஞ்சினியர் திட்டினார். தோண்டிப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றேன்.

தோண்டினார்கள். ஆள் இல்லை. தண்டவாளமும் இல்லை. யாரோ அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். வந்திருந்தால் எஞ்சின் குடிசைகள்மேல் சாய்ந்திருக்கும். குடிசையிலிருந்து ருக்மிணி என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து குழியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தண்டவாளத்தை அறுத்தது எனக்கு முன்பே தெரியும், திருட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று இங்கே ஸ்டேஷனில் சொல்கிறார்கள். குணசேகர் என்னிடம், "சத்தம் செத்திருந்துச்சு, அதான் நிறுத்தினேன்னு சொல்லிடுண்ணே, விட்ருவாங்க" என்றார். அப்படிச் சொன்னால் இன்றே வீட்டுக்குப் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், பதில் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தோண்டிய பிறகு, யாரும் பார்க்காதபோது, மறுபடி தட்டினேன். வெகுநேரம் காத்திருந்தேன்.

ஏட்டு கோவிந்தப்பா இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) கோ. ஜெயவேலு