ஈரக் கை

மீனைத் தொடுவதற்கு முன்னால் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், ஷெரீஃப். உலர்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். நீந்திப் போனாலும் நாலு நாளில் பூஞ்சை பிடித்துச் சாகும். பலருக்கு இது தெரிவதில்லை.

கீலா மலை டிரவுட் மீனுக்கு நான் இருபத்தாறு வருடம் காவலாளி. உலகத்திலேயே நாலைந்து ஓடைகளில்தான் மிச்சமிருந்தது. குஞ்சுகளைக் கோவேறு கழுதையில் ஏற்றி மலைமேல் கொண்டுபோய் விட்டவன் நான். பிடித்தால் குற்றம். என் மனைவி ரமோனாவின் தம்பி எலிசேயோவுக்கு மட்டும் அது மண்டையில் ஏறவே இல்லை. பிடித்துச் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தின்பான். ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும், "அக்கா, மீனோட மாப்பிள்ளை வந்துட்டாரு, நாற்காலி போடு" என்பான். ரமோனாவும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதற்காகச் செய்யவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாத மதியம். மலைமேல் இடி இடித்துக்கொண்டிருந்தது. ஓடையில் தூண்டிலோடு நின்ற எலிசேயோ என்னைப் பார்த்ததும் ஓடினான். வழுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் கால் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டான். அவன் பிடித்த மீன் கரைப் புல்லில் துள்ளியது.

"மச்சான், காலு மாட்டிக்கிச்சு. கை குடு."

"இரு, மீனு சாகுது."

"வெளையாடாத மச்சான். தண்ணி கலங்குது பாரு, மேல மழை."

கையை நனைத்தேன். தூண்டில் முள்ளைக் கழற்றினேன். ஓரமாக, ஓட்டத்துக்கு முகம் காட்டி மீனைப் பிடித்துக்கொண்டேன். செவுள் தானாகத் திறந்து மூடும்வரை விடக்கூடாது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவன் முதலில் கெட்ட வார்த்தை சொன்னான், பிறகு அக்காவைக் கூப்பிட்டான், பிறகு "இனிமே பிடிக்கவே மாட்டேன் மச்சான்" என்றான். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். என் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.

மீன் வாலை ஆட்டிப் போனபோது தண்ணீர் அவன் கழுத்தில்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

மூன்று மைல் கீழே கிடைத்தான். வெள்ளம் என்று எழுதினார்கள். ரமோனா அழுதபோது தோளில் சாய்த்துக்கொண்டது நான்தான்.

போன சனிக்கிழமை தடை நீங்கியது. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டால் குற்றமில்லை. முதல் தூண்டிலை என்னைத்தான் போடச் சொன்னார்கள்; நீங்களும் கரையில் நின்றிருந்தீர்கள். ரமோனா எலிசேயோவின் பழைய தூண்டிலை எடுத்து வந்திருந்தாள்.

"அவனோடதுல பிடி. இப்போ தப்பில்லையே?"

சீக்கிரமே சிக்கியது. கையை நனைத்து, தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"எவ்ளோ பொறுமையா வச்சிருக்க நீ. அவனையும் அன்னிக்கு யாராவது இப்படிப் பிடிச்சிருந்தா."

"அன்னிக்கும் நான் மீனைத்தான் பிடிச்சிட்டிருந்தேன்" என்றேன். பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. அவள் என் கைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து உங்களிடம் நடந்து வந்தாள்.

எலிசேயோ கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பதினோரு வருடம்தான்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள், ஷெரீஃப். அந்த மீன் பிழைத்துக்கொண்டதை மட்டும் எழுதவில்லை.