மூன்று லாட்டில் மஞ்சள் இழை

ஜோதிலட்சுமி: ...மைக்ராஸ்கோப்புல நீயே பாரு மகா. சிப்புக்கு மேல, மஞ்சளா.

மகாலட்சுமி: பாஸ்பர் பொடியா இருக்கும் மேடம். எல்.இ.டி.க்கு மஞ்சப் பொடி போடாமயா...

ஜோதிலட்சுமி: பொடி இம்புட்டு நீளமாவா இருக்கும்? நூலு. மூணு லாட்டு சரக்கும் போச்சு.

மகாலட்சுமி: ஏ.சி. பில்டர்ல இருந்து...

ஜோதிலட்சுமி: பில்டரு மஞ்சத் தண்ணியில முங்கியா வரும்? ப்ராசஸ் இன்ஜினியர்னு என்னைய வச்சிருக்காக. காரணத்த நாலு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும். பேரோட.

மகாலட்சுமி: பேரோடயா?

ஜோதிலட்சுமி: ஆமா. வீட்டுக்கு அனுப்பத்தேன்.

மகாலட்சுமி: ...அப்ப எம் பேர எழுதிக்கங்க.

ஜோதிலட்சுமி: என்னது?

மகாலட்சுமி: வீரபாண்டிக் கோயில்ல கம்பம் நட்டன்னைக்குக் கையில மஞ்சக் காப்பு கட்டுனேன். திருவிழா முடியிற மட்டும் அவுக்கக் கூடாதுல்ல. கிளவுசுக்குள்ளயே இருந்துச்சு. அதுலருந்து உதுந்திருக்கும்.

ஜோதிலட்சுமி: உள்ள கயிறு, வளையல், பூ எதுவும் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?

மகாலட்சுமி: அத எழுதி மாட்டுனதே நீங்கதேன. படிச்சேன்.

ஜோதிலட்சுமி: கையக் காட்டு.

மகாலட்சுமி: எதுக்கு... நாந்தேன் ஒத்துக்கிட்டேன்ல.

ஜோதிலட்சுமி: பாக்காம எழுத முடியாது. கிளவுசக் கழட்டு. ...ரெண்டு கையும்.

மகாலட்சுமி: இந்தாங்க, பாத்துக்கங்க.

ஜோதிலட்சுமி: எங்க? வெறுங்கையால்ல இருக்கு.

மகாலட்சுமி: நேத்துத்தேன் அவுத்து...

ஜோதிலட்சுமி: ஒரு தடம்கூட இல்லயே மகா.

மகாலட்சுமி: இந்த வருசம் நான் கட்டவே இல்லக்கா.

ஜோதிலட்சுமி: பின்ன ஏன் பொய் சொல்ற?

மகாலட்சுமி: திங்கக்கெழம நீங்க கிளவுசு மாத்தயில உங்க கையில காப்பப் பாத்துட்டேன். மூணு லாட்டுக்கும் மெசின் செட்டிங் போட்டது நீங்கதேன். உங்க சின்னவனுக்குக் கண்ணு ஆப்பரேசன்னு நேந்து கட்டியிருக்கீக. நீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நானுன்னா ஓடைப்பட்டியில திராட்சத் தோட்டத்துக்குப் போயிருவேன். நீங்க போயிட்டா இந்த லைன யாரு ஓட்டுறது? பதினாலு பொம்பளைகளும்ல வெளிய நிக்கணும்.

ஜோதிலட்சுமி: ...உன்னையக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட்டுல உன் பேர எழுதி வச்சிட்டேன் மகா. அந்தக் கத்திரிய எடு. மொத என் காப்ப வெட்டு... பெறகு பேர மாத்துறேன்.