கானின் மேல் கறிமிளகாய்

பூத்துக் காய்க்கிற கறிமிளகாய்ச் செடியை இடம் மாற்றக்கூடாது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். தாராளமாக மாற்றலாம். வெயில் தாழ்ந்த பிறகு வேர்மண் உதிராமல் பெயர்த்தெடுக்க வேண்டும். புதிய பாத்தியில் வைத்ததும் சில நாள் மானாப்புல்லால் நிழல் கொடுக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியராக ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காலமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டுவார்கள். மண்டையில் ஒன்றும் ஏறாது.

உங்கள் ஆட்கள் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர். மண்சரிவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதனால் நானே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் தனேஸ்வரன். ஊர் யாழ்ப்பாணம். ஓய்வு பெற்றதும் தோட்டத்து எல்லையில் ஒரு வீடு வாங்கினேன். நேர் கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். அதன் கடைசி வீட்டில் அழகையாவும் அவன் மனைவி பெரியாயியும். என் மனைவி குணமணி இறந்த நாளிலிருந்து, பெரியாயி கொழுந்து பறிக்கப் போகும்போது என் வாசலில் ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டுப் போவாள். நான் கேட்கவில்லை. நாய்க்குப் போட்டேன். பாத்திரத்தைக் கழுவாமலே திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் வரும். ஒருநாள் கோயில் வாசலில் அழகையா யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

"பாவம் அந்த ஐயா. படிச்ச மனுசன். நம்மள விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

லயத்தில் பிறந்து லயத்திலேயே நரைத்தவன் என்னைப் பாவம் என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே, சரிவின் குறுக்காக ஒரு கான் போகிறது. மலைத்தண்ணீரை லயத்தின்மேல் விடாமல் ஓடைக்குத் திருப்பும் வாய்க்கால் அது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன் அழகையா அதைத் துப்புரவாக்குவான். மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் ஆட்களோடு புதைந்த பிறகு, கானை அடைக்காதீர்கள் என்று அழகையாவின் லயத்து முற்றத்திலேயே நின்று நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம்.

புரட்டாசிக் கடைசியில் கானை மண்ணால் நிரப்பி, அதன்மேல் பலகை அடித்து மேட்டுப்பாத்திகள் கட்டினேன். வெறும் பாத்தியென்றால் அழகையா ஒரே காலையில் வெட்டி எறிந்திருப்பான். விதை போட்டிருந்தாலும் வெட்டியிருப்பான். அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் காய்த்துக்கொண்டிருந்த கறிமிளகாயையும் தக்காளியையும் பெயர்த்து வந்து அங்கே வைத்தேன். இந்த மனிதர்கள் காய்க்கிற செடியில் மண்வெட்டி போடமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியை அடிப்பதற்குச் சமமாம். என் செடிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

எதிர்பார்த்தபடி மண்வெட்டியோடு வந்தான்.

"ஐயா, கான் இதுக்கடியிலதானுங்களே போகுது?"

"ஓம். வேணுமெண்டா வெட்டு. செடி போனாப் போகட்டும்."

"ஐயையோ, காய்க்கிற செடிங்க. ஆசையா வச்சிருக்கீங்க. காய் ஓஞ்சதும் நானே வந்து வெட்டிக்கிறேங்க."

பல்லைக் காட்டிக்கொண்டு போனான். வெட்டச் சொல்லி நான் அனுமதி கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மழை பிடித்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பாத்திக்குப் பின்னால் தேங்கி மண்ணுக்குள் இறங்கியது. கீழே லயத்துக்குப் பின்னால் மேடு வெடித்திருப்பதை விறாந்தையில் இருந்தே பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். போன செவ்வாய் பிற்பகல் மேடு அப்படியே சரிந்து அவன் குசினியை மூடியது. தேத்தண்ணி வைக்க உள்ளே போயிருந்தான். பெரியாயி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் தப்பினாள். அவள் வீட்டில் இருந்திருந்தாலும் நான் கூப்பிட்டிருக்கப் போவதில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அடக்கம் முடிந்த மறுநாள் பெரியாயி படியேறி வந்தாள். பாத்திகளும் சரிவோடு போயிருந்தன. அந்தச் சேற்றைப் பார்த்து நின்று அழுதாள்.

"எவ்வளவு பாடுபட்டு வச்சீங்க. செடியெல்லாம் போச்சேங்க, பாவம்."

அன்றைக்கும் கையில் ரொட்டி இருந்தது.

அதனால்தான் வந்தேன். மனச்சாட்சி அது இது என்று எதையும் எழுதிவிடாதீர்கள். அழகையாவைக் கொன்றவன் நான். அதை நீங்கள் அவளிடம் விளங்கும்படி சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். காறித் துப்பினால் எனக்குப் போதும். அழுதாளானால், அது அவனுக்காகவா எனக்காகவா என்று மட்டும் கேட்டு வந்து சொல்லுங்கள்.