வேரைப் பார்த்து ஊற்றுங்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவி ஜெகதீஸ்வரி அவர்களே, மாடித்தோட்டக் குழுவின் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, "என்ன உளறப் போகிறாரோ" என்று முன்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி சுந்தராம்பாளே, அனைவருக்கும் கோட்டைச்சாமியின் கனிவான வணக்கம்!

முப்பது ஆண்டுகள் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் பஸ் ஓட்டியவன் நான். ஆர்க்கிட் பூச்செடி பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? தண்ணீர் ஊற்றியே ஒரு செடியைச் சாகடிக்கப் பார்த்தவன் என்ற தகுதிதான்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன்.

சென்ற ஆண்டு சுந்தராம்பாளுக்கு மதுரையில் இதய அறுவைச் சிகிச்சை. மகள் சுகந்தி உடன் தங்கினாள். நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, மாலை பஸ்ஸில் நம் பாளையம்பட்டிக்குத் திரும்புவேன். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது அவள் நகையைச் சொன்னாளா? நிலத்தைச் சொன்னாளா? "ஏங்க, என் ஆர்க்கிட்டைப் பாத்துக்கங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டேன்! காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. வானம் பார்த்து வாழும் மண்ணில் பிறந்தவனுக்கு அன்பென்றால் தண்ணீர்தானே? பத்தாம் நாள் இலை துவண்டது; தாகம் என்று ஊற்றினேன். மஞ்சளானது, மறுபடியும் ஊற்றினேன். ஒருநாள் அடியிலை கையோடு வந்துவிட்டது. பெரியோர்களே, செடி போனால் அவளும் போய்விடுவாளோ என்று இந்தப் பேதை மனம் முடிச்சுப் போட்டுவிட்டது.

மறுநாள் அவள் கட்டிலருகே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தவள், "என்னங்க, செடி போச்சா?" என்றாள்.

"போகலத்தா. ரெண்டு வேளையும் ஊத்துனேன். போயிருமோன்னு பயமா இருக்கு."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "தண்ணிக்குள்ள அமுக்கிட்டீகளா? வேரு மூச்சு விடணும்ங்க. அழுகுனாலும் இலை துவளத்தான் செய்யும். கெட்ட வேரை வெட்டிட்டு, புது மரப்பட்டையில வையுங்க. வேரு பச்சையா இருந்தா ஊத்தாதீக. வெள்ளி மாதிரி வெளுத்தா மட்டும் ஊத்துங்க."

வெட்டினேன். மிஞ்சியவை மூன்றே வேர்கள். நம் போர் தண்ணீர் உப்பல்லவா? பிடித்து வைத்த மழைநீரில், காலையில் பத்து நிமிடம் சட்டியை இறக்கி வைப்பேன். எடுத்து நன்றாக வடியவிட்டு, குருத்தில் தங்கிய துளியைத் துணியால் ஒற்றியெடுப்பேன்.

என்னம்மா? எத்தனை நாளுக்கு ஒருமுறையா? காலண்டரைக் கேட்காதீர்கள் தாயே, வேரைக் கேளுங்கள்! கோடையில் மூன்றே நாளில் வெளுக்கும். ஐப்பசி மழையில் பத்து நாளானாலும் பச்சையாகவே இருக்கும்.

ஊற்றுவதா கடினம்? ஊற்றாமல் இருப்பதல்லவா கடினம்! சொம்போடு போவேன், பார்ப்பேன், சொம்போடு திரும்புவேன்.

தையல் ஆறத் தாமதமாகி நாற்பதாம் நாள் வீடு வந்தவள், நேராகச் செடியிடம் போனாள். பக்கத்தில் நிற்கவே எனக்குத் தைரியமில்லை. குனிந்து பார்த்தாள். சின்னதாக, பச்சை நுனியோடு ஒரு புதுவேர்!

"பொழைச்சுக்கிருச்சுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அழாத நான், அங்கே அழுதேன்.

அதனால் கேட்கிறேன்: செடியோ மனிதரோ, அன்பை அள்ளிக் கொட்டுகிறோமே, அவர்களுக்கு வேண்டியது என்னவென்று ஒருமுறையாவது பார்த்தோமா? பார்த்துக் கொடுப்போம்! பொறுத்துக் கொடுப்போம்! போதும் என்றால் நிறுத்துவோம்!

பூத்ததா என்கிறீர்களா? இந்தத் தை மாதம் பூத்தது. ஒன்பது பூக்கள். எண்ணிச் சொன்னவள் இதோ, நலமாக உங்கள் முன் அமர்ந்திருக்கிறாள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வாரேன், வணக்கம்!