கடைசியாத் திறந்த பக்கம்

— சாப்பாட்டு டப்பாவை மூடி வைங்கண்ணே. நீங்க மெல்றதைப் பார்த்தா எனக்குக் குமட்டுது.

— ஏம்மா, நாய் செத்துச்சுன்னா கம்ப்யூட்டர் ரூம்ல நாம பட்டினி கிடக்கணுமா?

— அதுவா சாகலை. நகம் வெட்ட வந்த நாய்க்கு ஊசி போட்டு நம்ம ஆஸ்பத்திரிதான் கொன்னிருக்கு. உருண்டைன்னு பேரு வச்சு அதை வளர்த்த வாத்தியார் இன்னும் வராந்தாவுல உட்கார்ந்திருக்காரு. உருண்டையோட கழுத்துப்பட்டையையாவது குடுங்கன்னு போறவங்க வர்றவங்களை எல்லாம் கேட்டுக்கிட்டிருக்காரு.

— பாவம்தான். ஆனா தப்பு ரிசப்ஷன் பொண்ணுது. உருண்டை பேருல கருணைக் கொலைன்னு பதிஞ்சது அவதானே. அவ்ளோதான் விஷயம்.

— அவ கம்ப்யூட்டர்ல உருண்டையோட பக்கத்தைத் திறக்கவே இல்லை. கருணைக் கொலைக்குன்னு கொண்டு வந்த, இடுப்பு விழுந்து கிடந்த வேற ஒரு கிழட்டு நாயோட பக்கத்தைத்தான் திறந்தா. அவ எழுதிக்கிட்டு இருக்கும்போது அடுத்த கவுன்ட்டர்ல உருண்டையோடதைத் திறந்திருக்காங்க. இவ சேவ் அடிச்சதும் அது போய் உருண்டை பக்கத்துல உட்கார்ந்துடுச்சு. டாக்டர் ஸ்க்ரீனைப் பார்த்தாரு, போட்டுட்டாரு.

— உனக்கு யாரு சொன்னா?

— நீங்க எழுதின புரோகிராமைப் படிச்சேன்.

— வேற வேலை இல்லையா உனக்கு?

— எந்தப் பதிவைத் திருத்துறாங்கன்னு அந்தந்த ஃபார்ம்கிட்டயே கேட்டு வாங்கணும். கூட ரெண்டு வரி எழுதியிருந்தா போதும். நீங்க சோம்பல்பட்டு, கடைசியாத் திறந்த பக்கம் எதுன்னு எல்லாருக்கும் பொதுவா ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கீங்க. ஊருக்கே ஒரே ஆணி. கடைசியா எவன் வந்து மாட்டுறானோ, அவன் சட்டைதான் எல்லாருக்கும்.

— அட விடும்மா. அதெல்லாம் எப்பவாவது குருட்டாம்போக்குல நடக்கிறது.

— அப்போ நடக்கும்னு முன்னாடியே தெரியும்.

— போன மழைக்காலத்துல ஒரு பூனையோட தடுப்பூசி முயல் பக்கத்துல விழுந்துச்சு. கையால மாத்தி விட்டேன். யாரும் செத்துப் போயிடலையே.

— சீ.

— இந்தச் சீயெல்லாம் உங்க வீட்டுல வச்சுக்க. மேனேஜர் என்கிட்டதான் கேட்டாரு, யாரு தப்புன்னு. ரிசப்ஷன் பொண்ணுன்னு சொல்லிட்டேன். உடனே பதிஞ்சு விடுங்கன்னுட்டாரு. இதோ, ஊழியர் பதிவுல அந்தப் பொண்ணோட பக்கத்தைத் திறந்து வச்சிருக்கேன், பாரு. ‘கவனக்குறைவால் விலங்கு இறப்பு. உடனடிப் பணிநீக்கம்.’ சேவ் அடிச்சா சம்பந்தப்பட்ட ஆளுக்கும் மேனேஜருக்கும் தானா மெயில் போயிடும்.

— அவ இன்னும் ஊசி போட்ட அந்த மேஜையில ஒட்டியிருக்கிற நாய் முடியை ஒண்ணொண்ணா பொறுக்கிட்டு நிக்கிறாண்ணே. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு சொல்றா. அவளே நம்பிட்டா.

— நம்பிட்டால்ல? நமக்கு வேலை சுலபம்.

— உங்ககூட ஒரே பிளாஸ்க்ல காபி குடிச்சிருக்கேன். நினைச்சா நாக்கைச் சுரண்டிக்கணும் போல இருக்கு.

— சுரண்டிக்க. என்ன தட்டிக்கிட்டிருக்க அங்க?

— என் வேலையைத்தான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஊழியர் பதிவுக்கும் அதே புரோகிராமைத்தான் நகல் எடுத்துப் போட்டீங்களா?

— பின்ன? எல்லாத்துக்கும் அதேதான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுத நான் என்ன கிறுக்கனா?

— அப்போ கடைசியாக் கேக்குறேன். அவளை விட்டுடுங்க. மேனேஜர்கிட்ட நீங்களே போய் உள்ளதைச் சொல்லிடுங்க. அந்த வாத்தியார்கிட்டயும்.

— சொல்லிட்டு? நான் தெருவுல நிக்கிறதா? அவ சின்னப் பொண்ணு, வேற இடத்துல வேலை கிடைக்கும். இந்தா பாரு, சேவ். முடிஞ்சுது. அவ்ளோதான் விஷயம்.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. இரு... மெயில் ஏன் எனக்கு வருது? பணிநீக்கம்னு என் பேரு போட்டிருக்கு.

— நீங்க அவ பக்கத்தைத் திறந்து வச்சதுக்கு அப்புறம் நான் உங்க பக்கத்தைத் திறந்தேண்ணே. மேனேஜருக்கும் போயிருக்கும், இப்பக் கூப்பிடுவாரு. அவ பேருல எழுதினது எப்படி உங்க பேருல விழுந்துச்சுன்னு நீங்களே விளக்கமா சொல்லிடுங்க.