கூண்டு நிண்ட இடம்

இல்லைத் தம்பி, லிப்ட் வேண்டாம். படியாலை வாறன். ஆறுதலாத்தான் ஏறுவன். நீங்கள் போய்க் கதவைத் திறந்து வையுங்கோ.

ஓம், எனக்குப் பழகின கட்டடம். பிளாட்டாக்க முதல் இது கோர்ட்டெல்லோ. வீடு காட்டுற உங்கடை ஏஜென்சியிலை சொல்லியிருப்பினம். விக்டோரியா ராணி காலத்திலை கட்டினது. முதலிலை வந்ததெல்லாம் குடிகாரரும் சின்னக் கள்ளரும்தானாம். ஜேர்மன்காரன் குண்டு போட்ட சண்டைக் காலத்திலை ராவிலை லைட்டை மறைக்காத ஆக்களுக்கும் இஞ்சைதான் தண்டம். கடைசியிலை ஊரிலையிருந்து அகதியா வந்த எங்கடை சனம். டிக்கெட் இல்லாமல் ரெயின் ஏறினது, வேறை ஆளின்ரை பேரிலை வேலை செய்தது. அவைக்குக் கனகாலம் மொழிபெயர்த்த அக்கா நான்தான்.

ரெண்டாயிரத்து மூண்டிலை மூடினவங்கள். பழைய கட்டடமெண்டு முன்சுவரிலை கைவைக்க ஏலாதாம். அதுதான் வாசலிலை இன்னும் அரச சின்னத்துச் சிங்கமும் கொம்புக் குதிரையும் நிக்குது. உள்ளுக்கு என்னவும் செய்யலாம் போலை.

இதுதானோ? நல்ல வெளிச்சம். நீதவான் இருந்தது அந்த ஜன்னலடியிலை. சாட்சி சொல்லுற கூண்டு, உந்தா, இப்ப அடுப்பு இருக்கிற இடத்திலை. நான் பக்கத்திலை நிக்கிறனான்.

ஓம், களைப்பான வேலைதான். அவர் சொல்லுறார், அவ சொல்லுறா எண்டு நாங்கள் சொல்லப்படாது. நான் எண்டுதான் சொல்லவேணும். நான் களவெடுக்கேல்லை. நான் அவனை வெட்டேல்லை. பின்னேரம் பஸ்ஸிலை ஏறேக்கை ஆற்றையோ பாவமெல்லாம் என்ரை வாயிலை ஒட்டிக்கொண்டு இருக்கும்.

மூடின வருசம் வேதவல்லியெண்டு ஒரு பிள்ளை வந்தது. புருசன் அடிக்கிறாரெண்டு வழக்கு. அவர் முன்னாலை டையும் கட்டிக்கொண்டு இருக்கிறார். பிள்ளை குனிஞ்ச தலை நிமிராமல் மெல்லச் சொல்லுது. நான் இங்கிலிஸிலை சத்தமாச் சொல்லுறன். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து என்ரை புருசன் எனக்கு அடிக்கிறவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதோடை என்ரை குரல் அடைச்சுப்போச்சு, பிள்ளையின்ரை இல்லை. நீதவான் அம்மா என்னைத் தண்ணி குடிக்கச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னவ. சொன்னன்.

அந்தப் பிள்ளை பிறகு வீட்டை போகேல்லை. அப்பிடியான பொம்பிளையளை வைச்சிருக்கிற இடமொண்டு இருக்கு. அங்கை கூட்டிக்கொண்டு போக ஒரு வெள்ளைக்காரி வாசலிலை காரோடை நிண்டவ.

என்ன கேட்டனீங்கள்? இல்லைத் தம்பி, பெரிசு வேண்டாம், ஒரு அறை காணும். தனி ஆள்தானே. ஓம், அந்த வழக்கு நடந்த நாளிலையிருந்துதான் தனி. அந்தக் காரின்ரை பின் சீட்டிலை இன்னொரு ஆளுக்கு இடமிருக்கோவெண்டு கேட்டனான். இருந்தது.