பொம்மை ரயில்காரரின் மனைவி

(ஒரே ஒரு வரிதான். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உதவி டைரக்டர் சுமலதாவும் இன்வெர்ட்டர் விளம்பரம் எடுக்க வந்த மற்றவர்களும் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்து நின்றபோதுகூட ஹெலனுக்கு நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. மாடி அறையை அடைத்துக் கிடக்கும் பலகையின்மேல், சாண் நீளப் பெட்டிகளோடு கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கிறது. அதன் பக்கத்தில் சிவப்புத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக அவள் கணவன் எட்வர்ட். அவன் முகத்தைப் பார்க்காமல் அந்த வரியைச் சொல்லிவிட முடிந்தால்...)

சுமலதா: மேடம்... மேடம்? இன்னொரு தடவ போலாமா?

ஹெலன்: ஆங். சொல்றேம்மா.

சுமலதா: ரெடி... ம், சொல்லுங்க.

ஹெலன்: எங்க வீட்ல ரெண்டு கொழந்தைங்க. ஒண்ணு காலேஜுக்குப் போவுது. இன்னொண்ணு... இன்னொண்ணு...

எட்வர்ட்: ரயிலு ஓட்டுது. கூ...!

சுமலதா: சார், நீங்க பேசக்கூடாது! மேடம்தான் சொல்லணும். சொல்லிட்டு தலைல அடிச்சுக்கணும். கோவமா இல்ல, செல்லமா.

எட்வர்ட்: எங்க ஊட்ல செல்லமா அடிச்சி பழக்கம் இல்லம்மா. அடிச்சா அடிதான்.

ஹெலன்: சும்மா இருங்க.

சுமலதா: சூப்பர் மேடம்! இந்த 'சும்மா இருங்க' இருக்கு பாருங்க, இதே டோன்தான். அலுத்துக்கணும், ஆனா உள்ள பாசம் தெரியணும்.

ஹெலன்: எனக்கு இதெல்லாம் வராதும்மா. வேற யாராச்சும் நடிக்கிறவங்கள...

சுமலதா: நிஜ ஆளுங்கதான் வேணும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. உங்க பொண்ணு ஜெபா 'எங்கப்பாவோட ரயில்'னு வீடியோ போட்டாங்கல்ல, அதப் பாத்துட்டுதான இவ்ளோ தூரம் வந்தோம். ரொம்ப சிம்பிள் மேடம். அப்பா ரயில் ஓட்டிக்கிட்டு இருக்காரு. கரண்ட் போயிடுது. ரயில் நின்னுடுது. அப்பா உதட்டப் பிதுக்கிக்கிட்டு அழறாரு. நீங்க வந்து அந்த லைன சொல்லிட்டு இன்வெர்ட்டர போடுறீங்க. ரயில் ஓடுது, அப்பா கைதட்டிக் குதிக்கிறாரு. அவ்ளோதான்.

ஹெலன்: குதிக்கணுமா?

சுமலதா: லைட்டா.

எட்வர்ட்: என் முட்டிக்கு லைட்டாதான் முடியும்.

ஹெலன்: ஏம்மா... இவரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவரு. அது எங்கனா வருதா இதுல?

சுமலதா: வேலைய காட்டினா கொழந்த மாதிரி தெரியாது மேடம்.

ஹெலன்: இந்த மாரி ரயிலு செய்றவங்க எல்லாரும் இப்டித்தான் இருப்பாங்களா? தொப்பி போட்டுனு, அழுதுகினு?

சுமலதா: நாங்க நெறைய பாத்தோம் மேடம், மத்த விளம்பரம், படம் எல்லாம். ஒண்ணு, பெரிய பங்களாவுல இருக்கற பணக்காரத் தாத்தாவா காட்றாங்க. இல்லன்னா பாதி லூசு. சார் ரெண்டும் இல்லயா... அதனால டைரக்டர் கொழந்தன்னு முடிவு பண்ணிட்டாரு.

எட்வர்ட்: பரவால்லியே. லூசுக்கு கொழந்த மேல்.

சுமலதா: தொப்பி இல்லன்னா யாருன்னு ஜனங்களுக்குப் புரியாது மேடம். டாக்டர்னா ஸ்டெதஸ்கோப் மாட்டி விடுறோம்ல, அந்த மாதிரி. ஆங் சார், இஞ்சின்லேர்ந்து கொஞ்சம் புகை வர வைக்க முடியுமா?

எட்வர்ட்: வர வெச்சிடலாம்.

ஹெலன்: கரண்டு வண்டிக்கு எங்கேர்ந்து பொக வரும்?

எட்வர்ட்: ஆமா, வராது.

சுமலதா: சரி, மேக்கிங் வீடியோவுக்கு ரெண்டே கேள்வி சார். எவ்ளோ அழகழகான வண்டி இருக்கு, ஏன் இந்த லோக்கல செஞ்சீங்க?

எட்வர்ட்: அது... லோக்கலுன்னா... சீட்டு கெடைக்கும்...

ஹெலன்: தெனம் கண்ணு முன்னாடி போற வண்டியாச்சே. யாரும் நின்னு பாக்காத வண்டி. அதான்... அவரு செஞ்சாரு.

சுமலதா: வாவ். இந்த சிக்னல் லைட்லாம் எப்படி சார் எரியுது? உள்ள பேட்டரியா?

எட்வர்ட்: பேட்டரிதான்.

ஹெலன்: தண்டவாளத்துலயே கரண்ட் வருதும்மா. லைட்டுக்கு தனியா ஒயரு, பலகைக்கு அடியில போவுது. அதத்தான் சொல்ல வராரு.

எட்வர்ட்: அதத்தான் சொல்ல வந்தேன்.

சுமலதா: மேடத்துக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே!

ஹெலன்: கூடவே இருக்கறேன்ல... காதுல உழும்.

சுமலதா: அப்புறம் ஒரு விஷயம். வண்டி ஒரே தூசியா இருந்துச்சா, எங்க ஆர்ட் அசிஸ்டெண்ட் காலைலயே தொடச்சு வச்சுட்டாரு. ஜன்னலுக்குக் கீழ எல்லாம் செவப்பா, பழுப்பா கறை. கேமரால அசிங்கமா தெரியும்ல.

ஹெலன்: தொடச்சிட்டாரா?

சுமலதா: ஈரத் துணிக்குப் போகல. ஸ்பிரிட் போட்டுத் தேச்சு... பளபளன்னு வந்துடுச்சு, பாருங்க!

எட்வர்ட்: அட, புச்சு மாரி கீது.

ஹெலன்: அது தூசி இல்லம்மா.

சுமலதா: பின்ன?

ஹெலன்: பூசுனது. ஜன்னலாண்ட வெத்தல துப்புன கறை... படியாண்ட கால் பட்டுத் தேஞ்ச எடம்... கூர மேல இரும்புத் தூளு. ஓட்ற வண்டின்னா இதெல்லாம் இருக்கும். மெல்லிசு பிரஷ்ஷால கொஞ்சம் கொஞ்சமா... அவரு... வேணும்னே பூசுன அழுக்கு.

சுமலதா: ஐயய்யோ! யாராவது வேணும்னே அழுக்குப் பண்ணுவாங்களா... சாரி சார்! நீங்க ஒண்ணுமே சொல்லலையே!

எட்வர்ட்: எனக்கு... அதிர்ச்சில பேச்சு வரலம்மா.

சுமலதா: இந்த மூஞ்சி! இதே மூஞ்சிதான் சார் கரண்ட் போறப்ப வேணும்!

ஹெலன்: கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேம்மா.

சுமலதா: குடிங்க, குடிங்க. சார்தான் ரொம்ப ஜாலி டைப்பு. மொதல்ல உங்க ஸ்டீல் கம்பெனி கேட்டுக்குத்தான் போய் விசாரிச்சோம். எட்வர்ட்னு சொன்னதும் 'யாரு, கூகூ எட்வர்டா?'ன்னு ஒரே சிரிப்பு. சார் வண்டிய ரிவர்ஸ் எடுத்தாலே மொத்த யார்டும் கூ-ன்னு கத்துமாமே!

எட்வர்ட்: அது சும்மா... எப்பனா ஒரு வாட்டி...

ஹெலன்: எப்பலேர்ந்து?

சுமலதா: ரொம்ப வருஷமாம் மேடம். உங்களுக்குத் தெரியாதா? கேண்டீன்ல சார் தட்டுல பொம்ம விசில் வச்சுத் தருவாங்களாம். டைரக்டருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. இந்த விசில் ஐடியாவே அங்கேர்ந்து வந்ததுதான்... ஒரு நிமிஷம், அவரேதான் கூப்பிடறாரு. கீழ போய்ப் பேசிட்டு வரேன். லைன மட்டும் சொல்லிப் பாத்துக்கோங்க மேடம்.

ஹெலன்: எட்வர்டு.

எட்வர்ட்: இன்னாமே.

ஹெலன்: கம்பெனில யாரும் ஒண்ணும் சொல்றதில்லன்னியே.

எட்வர்ட்: சொல்றதில்லதான். கத்துறாங்க. அது வேற.

ஹெலன்: வெளையாடாதய்யா.

எட்வர்ட்: வேல செய்ற எடத்துல ஆளுக்கு ஒரு பேரு. அந்தோணிக்கு இன்னா பேரு தெரியுமா? ஊட்ல சொல்ல முடியாது. எனக்காச்சும் ரயிலு பேரு. கௌரவமான பேரு.

ஹெலன்: அது எனக்கு வெக்க வேண்டிய பேரு.

எட்வர்ட்: மெதுவா பேசு. கீழ கேக்கப் போவுது.

ஹெலன்: என்னோட ரயிலு. நான் செஞ்சது. ஒனக்கு எது முன்பொட்டி எது பின்பொட்டின்னுகூட தெரியாது. ஜெபாவுக்குன்னு வாங்கியாந்தோம், அவ கொஞ்ச நாளு ஓட்டிட்டு மூலையில போட்டுட்டா. நான் எடுத்தேன். அன்னிக்கு பக்கத்து ஊட்டு விக்டோரியாக்கா படியேறி வந்து 'யாரு ஹெலன் இதெல்லாம் செய்றது'ன்னாங்க. வாயி தானா சொல்லிச்சு... 'அவருதாங்க்கா'ன்னு. அப்பலேர்ந்து ஜெபாவும் வெளிய அப்டியே சொல்றா.

எட்வர்ட்: நானும் தலையாட்டுனேன்ல.

ஹெலன்: ஏன் ஆட்டுன?

எட்வர்ட்: ஒன் மூஞ்சி அப்டி இருந்துச்சு. இன்னாத்தையோ திருடி மாட்டிகினவ மாரி.

ஹெலன்: ஆம்பள செஞ்சா கொழந்தன்னு சிரிச்சிட்டுப் போவாங்க. பொம்பள செஞ்சா? சோறு ஆக்குனாளா, பொண்ணப் பாத்தாளான்னு கேப்பாங்க. தலையில கை வெச்சி ஜெபம் பண்ண ஆளு இட்டுனு வருவாங்க.

எட்வர்ட்: அதான் நானும் சொல்றேன். என்னப் பாத்து சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. எனக்குத் தோலு தடிப்பு.

ஹெலன்: மொத மொதல்ல கத்துனப்போ எப்டி இருந்துச்சு?

எட்வர்ட்: இன்னா கேள்வி இது...

ஹெலன்: நெசம் சொல்லு.

எட்வர்ட்: கொஞ்ச நாளு... கேண்டீன் பக்கம் போவல. டிபன் டப்பாவ மடியில வெச்சிகினு வண்டியிலயே துன்னேன். அப்பறம் பழகிச்சு.

ஹெலன்: எங்கிட்ட ஒரு வார்த்த...

எட்வர்ட்: சொன்னா நீ நிறுத்திடுவ. நிறுத்திடுவ மே. எனக்குத் தெரியும். நீ இங்க குந்தினு முணுமுணுன்னு பாடுவ பாரு, கீழ வரிக்கும் கேக்கும். ஊட்ல வேற எங்கியும் நீ பாடி நான் கேட்டதில்ல.

(பாடுவது கீழே கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. பாடுகிறாள் என்பதே தெரியாது. நாள் முழுக்க சிப்காட் தொழிற்பேட்டையில் யாருடைய மோட்டாருக்கோ செம்புக் கம்பி சுற்றுகிற கைகள், இந்தப் பலகையின் முன்னால் உட்காரும்போது மட்டும் அவளுடையவையாக இருக்கும். அந்தச் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அவனை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். எறிந்த கல்லெல்லாம் வாசலில் நின்றவன்மேல் விழுந்திருக்கிறது. அவள் உள்ளே பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.)

ஹெலன்: இனிமே யார்டு மட்டும் இல்ல. ஊரே பாக்கும். மேட்ச் நடுவுல, சீரியல் நடுவுல... நீ உதட்டப் பிதுக்கினு அழுவ. நான் பக்கத்துல நின்னுகினு தலையில அடிச்சிப்பேன். நான்!

எட்வர்ட்: ஒன் ரயிலு டிவில வரும்ல. அதுக்குத்தான் சரின்னேன்.

ஹெலன்: இன்வெர்ட்டரு ஓசியில தராங்கன்னு சொன்ன?

எட்வர்ட்: அதுந்தான். கரண்ட் போனா நீ பேஜாராவுறியே.

ஹெலன்: அந்தத் தொப்பியக் கயட்டுய்யா. பாக்க முடியல.

எட்வர்ட்: ஷ்... வரா, வரா. படியில சத்தம் கேக்குது.

சுமலதா: மேடம், சார், செம நியூஸ்! டைரக்டர் க்ளைமாக்ஸ மாத்திட்டாரு. இன்வெர்ட்டர் போட்டதும் சார் சந்தோஷத்துல ஸ்பீட ஏத்திடறாரு. வண்டி பலகை மேல இருக்கற அந்தப் பாலத்துலேர்ந்து தலைகீழா விழுது. எங்க? கீழ மேடம் எறக்கி வச்ச சாம்பார் குண்டான்ல! சார் மூஞ்சி பூரா சாம்பார். அங்க மேடத்தோட லைன். சிரிப்பு அள்ளும்!

எட்வர்ட்: உழணுமா?

சுமலதா: பொம்மதான சார். ஒடைஞ்சா புதுசு வாங்கித் தந்துடுவோம்.

எட்வர்ட்: அதுக்கில்லம்மா. கவரப்பேட்டை ஆக்சிடெண்ட்ல பொட்டிங்க கவுந்து கெடந்தத ஓடிப் போய் பாத்த ஜனங்க நாங்க. ரயிலு கவுந்தா இங்க யாருக்கும் சிரிப்பு வராது.

சுமலதா: விளம்பரம் தமிழ்நாடு பூரா போகுது சார், மத்த ஊர்ல சிரிப்பாங்க. சரி, எப்படி விழ வைக்கலாம் சொல்லுங்க. ஸ்பீடா விட்டாலே போதுமா? இல்ல, தண்டவாளத்த கொஞ்சம் வளைக்கணுமா? சார், கீழ எல்லாரும் வெயிட்டிங்.

எட்வர்ட்: எனக்கு... அது வந்து...

சுமலதா: நீங்கதான சார் ஓட்டறீங்க?

எட்வர்ட்: ஹெலனு...

ஹெலன்: அவரக் கேக்காதம்மா. இன்னாங்க, அந்தத் தொப்பிய இப்டிக் குடுங்க. விசிலும். இந்தாம்மா, வெச்சிக்க.

சுமலதா: மேடம், அது ஷாட்டுக்கு வேணுமே... கோவமா? தொடச்சதுக்கா? லைன் புடிக்கலன்னா அதக்கூட மாத்திடலாம் மேடம். வண்டி விழறது மட்டும்... ஒரே ஒரு டேக். ப்ளீஸ்.

ஹெலன்: கோவம் இல்லம்மா. அந்த வண்டி உழாது. நான் ஓட்டி இதுவரிக்கும் ஒரு வண்டிகூட உழுந்ததில்ல.